எந்தப் படத்தை முதலில் போடுவது?

என் கடைசித் தங்கையின் மகள் இந்த மே மாத விடுமுறைக்கு ஆரணியிலிருந்து வேலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வருகிறாள். அவளுக்குப் பதினொரு வயது. வருவதற்கு முன்பே கைப்பேசியில் அழைத்து, "மாமா, இந்த வாட்டி ஸ்டார் வார்ஸ் முழுசையும் வரிசையா போட்டுக் காட்டணும்" என்று உத்தரவு போட்டுவிட்டாள். நாற்பது ஆண்டுகளாக அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் எனக்கு இதைவிட மகிழ்ச்சியான உத்தரவு வேறு இருக்க முடியாது என்றாலும், அவள் போகிற போக்கில் சொன்ன 'வரிசையா' என்ற ஒரு சொல் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறது; ஏனெனில் அந்தப் படங்களுக்கு வரிசை ஒன்று அல்ல.

விவரம் அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கதையின் முடிச்சுகளை மறைக்காமல்தான் எழுதப் போகிறேன் என்பதால், படங்களை இனிமேல்தான் பார்க்க எண்ணியிருப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். ஜார்ஜ் லூகாஸ் எழுதி இயக்கிய முதல் ஸ்டார் வார்ஸ் படம் 1977 மே 25 அன்று அமெரிக்காவில் வெளியானது. அடுத்த பகுதி 1980இலும், அதற்கடுத்தது 1983இலும் வந்தன. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில், முதல் மூன்று படங்களுக்கு முந்தைய கதையைச் சொல்லும் வேறு மூன்று படங்கள் வந்தன. கதைக் கணக்குப்படி பின்னால் வந்தவை 1, 2, 3 என்றும், முன்னால் வந்தவை 4, 5, 6 என்றும் எண்ணிடப்பட்டன. ஆறுக்கும் சேர்த்து ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். 2015இல் தொடங்கிய அடுத்த மூன்றையும், கிளைக்கதைகளையும், தொடர்களையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆறைப் பார்த்து முடித்தபின் அவளே கேட்டால் யோசிக்கலாம்.

1977இல் அந்த முதல் படத்துக்கு எண் எதுவும் கிடையாது. 'நான்காம் அத்தியாயம்' என்ற வரி 1981இல் படம் மறுபடியும் வெளியிடப்பட்டபோதுதான் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. அதே 1981இல்தான் எங்கள் ஊர்க் கோட்டைக் கோயிலின் கருவறைக்கு ஜலகண்டேஸ்வரர் மீண்டும் வந்து சேர்ந்தார் என்பதும், 'சாமியில்லாக் கோயில்' என்ற வேலூர்ச் சொலவடை அன்றோடு பொய்யாகிப்போனது என்பதும் இதற்குச் சம்பந்தமில்லாத செய்திகள். ஆனாலும் இரண்டிலும் ஒன்று பொதுவானது: இன்றைக்கு இருக்கும் ஒன்று ஒரு காலத்தில் இல்லாதிருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. எண் இல்லாத படத்தை எண்ணுள்ள படமாகவே அறிந்தவர்களுக்கு 1, 2, 3 என்று பார்ப்பதுதான் இயல்பான வரிசையாகத் தோன்றும்.

அதிலிருந்தே தொடங்குகிறேன். எண் வரிசையில் பார்த்தால் கதை காலத்தோடு நேராக ஓடும். பாலைவனக் கிரகத்தில் அடிமையாக இருக்கும் அனகின் என்ற ஒன்பது வயதுச் சிறுவன் வளர்ந்து, வீரனாகி, காதலித்து, இழப்பை அஞ்சி, அந்த அச்சத்தாலேயே கெட்டு, கறுப்பு முகமூடி அணிந்த டார்த் வேடராக மாறுகிறான். பிறகு வரும் மூன்று படங்களில் அவனுடைய மகன் லூக் அவனை மீட்கிறான். ஆறு படங்களும் ஒரே மனிதனின் வீழ்ச்சியும் மீட்சியுமாகிவிடுகின்றன. படைத்தவரான லூகாஸின் விருப்பமும் இந்த வரிசைதான். குழந்தைக்கு 'இவர் யார், அவர் யார்' என்ற குழப்பம் வராது. முதல் படத்திலேயே தன் வயதை ஒட்டிய ஒரு பையன் வருகிறான் என்பதும், அவன் ஓட்டும் பந்தயம் எந்தப் பிள்ளையையும் இருக்கை நுனிக்குக் கொண்டுவந்துவிடும் என்பதும் இந்த வரிசைக்குச் சாதகமானவை.

பாதகங்கள் இவற்றைவிடக் கனமானவை. முதலாவது, வணிகச் சங்கத்தின் வரித் தகராறில் தொடங்கும் ஒரு கதையைப் பதினொரு வயதுப் பெண்ணின் முன்னால் முதன்முதலாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது, யோடா. ஐந்தாம் படத்தில், பெரிய குருவைத் தேடிச் சதுப்பு நிலத்தில் வந்து இறங்கும் லூக், தன் சாப்பாட்டுப் பெட்டியைக் கிளறும், விளக்குக்காகச் சண்டை போடும், முழங்கால் உயரப் பச்சைக் கிழவரை ஒரு தொல்லையாகவே நினைக்கிறான். அந்தக் கிழவர்தான் தேடி வந்த குரு யோடா என்று தெரியும் இடம் நம்மையும் கூடவே வெட்கப்பட வைக்கும். எண் வரிசையில் வருகிறவருக்கு அதற்குள் மூன்று படங்களாக யோடாவைத் தெரியும். மூன்றாவது, தொழில்நுட்பம். 2005ஆம் ஆண்டுப் படத்தின் கணினி வரைகலையைப் பார்த்த கண்ணோடு அடுத்த இரவே 1977ஆம் ஆண்டின் சிறு மாதிரி விமானங்களைப் பார்க்கும் குழந்தை, படம் பின்னோக்கிப் போய்விட்டது என்றே நினைக்கும். அதன் மேல் எனக்குக் குற்றம் சொல்லத் தோன்றாது.

இன்னொரு பாதகமும் உண்டு. 1977 படத்தில், லூக்குக்கு வழிகாட்டும் கிழவர் ஓபி-வான், லூக்கின் தந்தையை வேடர் கொன்றுவிட்டான் என்று சொல்கிறார். அன்று அது கதைக்குள் நேரான உண்மை. 1980இல் வந்த ஐந்தாம் படத்துக்கு லீ பிராக்கெட் எழுதிய முதல் வரைவில்கூட லூக்கின் தந்தை வேறொருவர். அவர் ஆவியாக வந்து மகனிடம் பேசுகிறார். பிராக்கெட் 1978 மார்ச்சில் காலமானபின், லூகாஸ் தாமே எழுதிய வரைவில்தான் வேடரே தந்தை என்ற எண்ணம் கதைக்குள் நுழைந்தது. ஆகவே படங்கள் வந்த வரிசையில் பார்க்கும்போது, ஓபி-வானின் வாக்கியம் முதலில் உண்மையாக இருந்து, பிறகு பொய்யாகி, ஆறாம் படத்தில் 'ஒரு கோணத்திலிருந்து பார்த்தால்' என்ற சமாளிப்பாக முடிகிறது. எண் வரிசையில் பார்த்தால், அந்தக் கிழவர் வாயைத் திறக்கும்போதே பொய்யர். குழந்தைக்கு அவர்மேல் அன்பு பிறக்க வேண்டிய காட்சியிலேயே சந்தேகம் பிறந்துவிடும்.

வெளியான வரிசையின் பலம் இதிலிருந்தே விளங்கும். 4, 5, 6, பிறகு 1, 2, 3. ஐந்தாம் படத்தின் உச்சக் காட்சியில், தானே தந்தை என்று வேடர் லூக்கிடம் சொல்லும் ரகசியத்தைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட சிரமங்களைப் பற்றி ரசிகர்கள் சலிக்காமல் பேசுவோம். வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் பிரவுஸிடம் கொடுக்கப்பட்ட வசனம், ஓபி-வான்தான் உன் தந்தையைக் கொன்றான் என்பது. இயக்குநர் இர்வின் கெர்ஷ்னர், படப்பிடிப்புக்குச் சற்று முன்னால்தான் லூக்காக நடித்த மார்க் ஹாமிலின் காதில் உண்மையைச் சொன்னார். சரியான வசனம் பின்னர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸின் குரலில் சேர்க்கப்பட்டது. இவ்வளவு பாடுபட்டு மூடி வைத்த பெட்டியை, 1, 2, 3 என்று தொடங்கி நாமே திறந்து வைப்பது முறையா என்பதுதான் வெளியீட்டு வரிசைக்காரர்களின் கேள்வி. இதன் குறை, ஆறாம் படத்தில் எல்லாம் சுபமாக முடிந்தபின் மூன்று படங்கள் மீதமிருப்பது. கல்யாணச் சாப்பாடு முடிந்து வெற்றிலையும் போட்டபின் மறுபடியும் இலை போட்ட கதை.

மூன்றாவது வழி ஒன்று 2011இல் ஒரு அமெரிக்க ரசிகர் எழுதியதிலிருந்து புகழ்பெற்றது: 4, 5, பிறகு 2, 3, கடைசியில் 6. முதலாம் எண் படத்தை விட்டுவிட வேண்டும். அமெரிக்கர்களுக்கு இது புதுமையாக இருக்கலாம். நமக்கு இது இடைவேளைக்குப் பின் வரும் ஃபிளாஷ்பேக். நாயகனின் எதிரே நின்று வில்லன் ஒரு உண்மையைச் சொல்கிறான், இடைவேளை விளக்கு எரிகிறது, மீண்டும் இருளானதும் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை ஓடுகிறது, அது முடிந்ததும் நிகழ்காலத்துக்கு வந்து கடைசிச் சண்டை. இதில் எனக்கு உண்மையாகவே பிடித்த ஒன்று உண்டு. தந்தை கெட்டுப்போனதை அப்போதுதான் பார்த்து முடித்த கண்ணுக்கு, ஆறாம் படத்தின் தொடக்கத்தில் கறுப்பு உடையில் வரும் லூக், காவலர்களைத் தொடாமலேயே கழுத்தை நெரிக்கும் இடம் வயிற்றைக் கலக்கும். மகனும் அந்த வழிக்கே போகிறானோ என்ற ஐயம் வேறு எந்த வரிசையிலும் இவ்வளவு கூர்மையாக எழாது. ஆனால் வரிசையிலேயே வலிமையான ஐந்தாம் படத்தை அடுத்து, வரிசையிலேயே தொய்வான இரண்டாம் படத்தை வைக்கிறது இந்தத் திட்டம். மணலைப் பற்றி அனகின் புலம்பும் அந்தக் காதல் காட்சிகளின்போது என் மருமகள் எழுந்து போய்விட்டால் அவளைத் திரும்ப அழைத்துவர என்னிடம் எந்தத் தந்திரமும் இல்லை. அதோடு, விட்டுவிடச் சொல்லும் முதலாம் எண் படத்தில்தான் ஜான் வில்லியம்ஸ் பாடகர் குழுவோடு இசைத்த அந்த வாள்சண்டை இருக்கிறது. மற்றதெல்லாம் போனாலும் அதை விடமாட்டேன்.

நான்காவது வழியை வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. அது நான் பார்த்த வரிசை. 1985 வாக்கில், கொசப்பேட்டையில் எங்கள் தெருவில், நாலைந்து குடும்பங்கள் காசு போட்டு ஒரு ராத்திரிக்குக் கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்பது வழக்கம். இரண்டு எம்.ஜி.ஆர். படம், ஒரு ரஜினி படம், கடைக்காரர் தாமாகக் கொடுத்தனுப்பும் ஒரு இங்கிலீஷ் படம் என்று நான்கு கேசட் வரும். இங்கிலீஷ் கேசட்டின் முறை வரும்போது விடிகாலை மூன்றரை ஆகியிருக்கும். திண்ணையிலும் பாயிலும் எல்லாரும் உறங்கிப்போயிருப்பார்கள். அப்படி ஒரு விடியலில், படத்தின் கீழ்ப்பகுதியில் கோடுகோடாக ஓடிக்கொண்டிருந்த ஒரு கேசட்டில், வெள்ளைப் பனிவெளியில் யானைக்கால் வைத்து நடந்து வந்த இரும்பு மிருகங்களைத்தான் நான் முதலில் பார்த்தேன். அது ஐந்தாம் படம். நான்காம் படம் எனக்குக் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. உலகமே வாய்பிளந்த அந்த வசனம் வந்தபோது, ஆங்கிலம் புரியாததால், கை இழந்த பையன் வலி தாங்காமல்தான் கீழே குதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பல மாதங்கள் கழித்து, ஊரீசு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு அண்ணன் டீக்கடை வாசலில் நின்று, "டேய், அந்தக் கறுப்பன்தான்டா இவனுக்கு அப்பன்" என்று சொன்னபோதுதான் எனக்கு அது தெரிந்தது. ஆகையால் வெளியீட்டு வரிசையின் புகழ்பெற்ற அதிர்ச்சியை நான் டீக்கடை வாசலில்தான் அனுபவித்தேன்.

என் வரிசையை அவளுக்குப் பரிந்துரைக்கும் ஆசை ஒரு கணம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. பாதியில் தொடங்கியதால்தான் எனக்கு அந்த உலகம் அவ்வளவு பெரியதாகத் தெரிந்தது என்று வாதமும் தயாரித்து வைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் அவளுக்குக் காட்ட நினைத்தது படத்தை அல்ல, அந்த விடிகாலையை. அவளுக்கு எதற்கு அது? ஆகவே இந்த வழியை நீக்கிவிட்டேன்.

மீதி மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று திணறிக்கொண்டிருந்தபோது, ரகசியத்தின் நிலைமையை அறிந்துகொள்ள அவளிடமே மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன். "அந்தக் கறுப்பு முகமூடிக்காரர் யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்றேன். "லூக்கோட அப்பாதானே மாமா, எல்லாருக்கும் தெரியுமே" என்றாள், நான் காட்பாடி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டதைப் போல. 1980இல் அத்தனை பேர் காப்பாற்றிய ரகசியம், பள்ளிக்கூடப் பைகளிலும் கேலிப் படங்களிலும் புழங்கித் தேய்ந்து, அவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போயிருக்கிறது. அத்துடன் வெளியீட்டு வரிசையின் முக்கிய வாதமும் விழுந்துவிட்டதாகவே முதலில் தோன்றியது. தெரிந்த கதைதானே, நேராகவே பார்த்துவிடலாமே?

அப்போது நினைவுக்கு வந்தது, நான் சிறுவயதில் செய்யாற்றுப் பக்கத்து உறவினர் ஊரில் பார்த்த பாரதக் கூத்து. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பிரசங்கியார் கதையை வரிசையாக, நாள்தோறும் சொல்லிக்கொண்டு போவார். இரவில் கூத்து. கூத்து கதையை முதலிலிருந்து சொல்லாது. அன்றைய இரவுக்குரிய ஒரு பகுதியில் நேராக இறங்கிவிடும். கர்ண மோட்சம் நடக்கும் இரவில், கர்ணன் யார் பிள்ளை என்பது பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவியிலிருந்து மடியில் தூங்கும் குழந்தையின் அண்ணன் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்கள் களத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்தான். தேரோட்டி மகன் என்று இகழும் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் தன் பிறப்பைச் சொல்லும்போது, ஊரே பார்ப்பது பொன்னுருவியின் முகத்தை. அவன் விழுந்தபின் குந்தி ஓடிவந்து, மகனே என்று மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அழும்போது, ஊரே பார்ப்பது அர்ச்சுனனின் முகத்தை. முகவீணை அப்போது எழுப்பும் ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது. கதை தெரியும் என்பதால் யாரும் எழுந்து போய்விடவில்லை.

ரகசியம் தெரிந்தவர்களுக்கும் வெளியீட்டு வரிசை பொருந்தும் என்பதை எனக்குக் காட்டியது இந்த நினைவுதான். பார்க்கிறவருக்குத் தெரியும் என்பது வேறு, படம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என்பது வேறு. எண் வரிசையில் முதல் மூன்று படங்கள் தந்தையைப் பற்றிப் பேசிப் பேசி, நம் கண் அவனிடமே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. ஐந்தாம் படத்தின் அந்தப் பாலத்தின் மேல் உண்மை வெளிப்படும்போது நாம் பார்ப்பது முகமூடியை. நான்காம் படத்திலிருந்து தொடங்கினால் நாம் லூக்கோடு வளர்ந்திருப்போம். உண்மை நமக்கு முன்பே தெரிந்திருந்தாலும் நாம் பார்ப்பது அவன் முகத்தை. அந்தக் காட்சியில் நடிப்பு இருப்பதும் அங்கேதான். எதிரே இருக்கும் முகமூடி அசைவதே இல்லை. என் மருமகள் ஓர் அர்ச்சுனனைப் பார்க்கத்தான் வருகிறாள்.

எனவே 4, 5, 6 ஆகிய மூன்றையும் மூன்று இரவுகளில் போடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். 1, 2, 3 ஆகியவற்றை அதற்குப் பிறகு பகலில் போடப் போகிறேன். கத்திரி வெயிலில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை இந்த ஊரில் குழந்தையை வெளியே அனுப்ப முடியாது. அந்தப் படங்களோ பளீரென்ற வெளிச்சப் படங்கள், சன்னல் ஓரம் வெளிச்சம் கசிந்தாலும் கெட்டுப்போகாதவை. இரவில் கூத்து, பகலில் பிரசங்கம். ஆறாம் படத்துக்குப் பின் மறுபடியும் இலை போடுவது என்ற குறையும் இதனால் ஓரளவு நீங்குகிறது. பிரசங்கத்துக்கு வருகிறவர்கள் முடிவுக்காக வருவதில்லை.

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கில ஒலி, கீழே எழுத்து. அவள் என்னைவிட வேகமாக வாசிப்பாள்.

பதிப்பு விஷயத்தில்தான் என் மனம் எளிதில் இறங்கி வரவில்லை. 1997இல் பழைய மூன்று படங்களையும் லூகாஸ் திருத்தி மறுவெளியீடு செய்தார். மதுக்கடையில் கடத்தல்காரன் ஹான் சோலோ எதிரியை முந்திக்கொண்டு சுடும் காட்சியில், எதிரி முதலில் சுடுவதாக மாற்றினார். 2004இல் மறுபடியும் திருத்தி, ஆறாம் படத்தின் இறுதியில் ஆவியாகத் தோன்றும் தந்தையின் இடத்தில், முதியவரான செபாஸ்டியன் ஷாவை நீக்கிவிட்டுப் புதிய படங்களின் இளைஞர் ஹேடன் கிறிஸ்டென்சனை வைத்தார். இன்று எளிதில் கிடைப்பவை திருத்திய பதிப்புகளே. திருத்தாத பழைய வடிவம் 2006இல் டிவிடியில் கூடுதல் வட்டாக வந்தது. அது என்னிடம் இருக்கிறது. ஆனால் அது பழைய லேசர் வட்டுக்கான பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதால், இன்றைய அகலத் திரையில் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் போட்ட சிறிய, மங்கலான படமாகவே தெரியும். எனக்கு அந்த மங்கல் பழக்கமானது. கோடு ஓடிய கேசட்டில் பார்த்தவனுக்கு அதுவே தெளிவு. அவளுக்கு அப்படி இல்லை. ஆகவே இரண்டு மாற்றங்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது என்றும், தெளிவான திருத்திய பதிப்பையே போடுவது என்றும் தீர்மானித்தேன். சோலோ சுடும் இடத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா என்பது என்னைப் பொறுத்தது.

இந்த முடிவுக்கு வந்தபின், வெளியீட்டு வரிசைக்கு முன்பு நான் கவனிக்காத ஒரு காரணமும் கிடைத்தது. இந்தப் படங்களின் வீரர்கள் ஏந்தும் ஒளிவாளின் ஓசையை உருவாக்கியவர் பென் பர்ட். மாணவராக இருந்தபோது திரைப்படக் கருவியை இயக்கியவர் அவர். ஓடாமல் நிற்கும் பழைய புரொஜக்டர் மோட்டாரின் ரீங்காரத்தையும், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே ஒலிவாங்கியைக் கொண்டுபோனால் எழும் இரைச்சலையும் சேர்த்து அதைச் செய்தார். என் சித்தப்பா ஆற்காட்டுப் பக்கம் ஒரு டென்ட் கொட்டாயில் ஆபரேட்டராக இருந்தார். ரீல் மாற்றும் இடைவெளியில், கார்பன் குச்சியின் நெடி நிறைந்த அந்தச் சிறு அறையில், மோட்டார் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருப்பதைக் கேட்டு நின்றிருக்கிறேன். எண் வரிசையில் பார்த்தால் அந்த ஓசை முதல் படத்தின் தொடக்க நிமிடங்களிலேயே, கதவை அறுக்கும் சத்தத்துக்கும் இயந்திரப் படைகளின் சுடலுக்கும் நடுவே வந்து கரைந்துவிடும். 1977 படத்திலோ, கிழவரின் வீட்டில், பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த தந்தையின் வாளை லூக் முதன்முதலாக உயிர்ப்பிக்கும்போது அறையில் அப்படிப்பட்ட இரைச்சல் எதுவும் இல்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் மின்விசிறியை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் கேட்டிருக்கிறேன். மே மாத வேலூரில் இதைக் கேட்கலாமா என்று பதில் வந்திருக்கிறது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.